வால்ஹைமில் டெவலப்பர் கன்சோலைத் திறந்து மாட் நிறுவுவது எப்படி: முதன்முறை முயல்பவர்களுக்கான வழிகாட்டி

எஃப்5 விசையை அழுத்தினால் வால்ஹைம் என்ற கணினி விளையாட்டின் கன்சோல், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பட்டை, திறக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அந்த விசையை ஒரு மாலை முழுவதும் அழுத்திக்கொண்டிருந்தவன் நான். ஒருவழியாகக் கன்சோல் திறந்தபோது, ஒரே ஒரு கட்டளையால் பல மாதங்களாக நடந்து நடந்து சேர்த்த என் வரைபடத்தைக் கெடுத்துக்கொண்டேன். அதன் பிறகு மாட் (விளையாட்டை மாற்ற மற்றவர்கள் எழுதும் துணை நிரல்) நிறுவப் போய், போட்ட மாட் எதுவும் வேலை செய்யாமல் கோப்புகளை அழிப்பதும் மறுபடி போடுவதுமாக மூன்று வார இறுதிகள் கழிந்தன. சரியான வரிசை தெரிந்திருந்தால் இவை அனைத்தையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்திருக்கலாம். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ் கணினியில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை மென்பொருள் வழியாக ஆடப்படும் வால்ஹைமுக்கு உரியவை. எக்ஸ்பாக்ஸ் கருவியில் ஆடுபவர்களால் மாட் நிறுவ இயலாது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். வேறு விதமாகக் குறிப்பிடாத கட்டளைகள் அனைத்தும் சிறிய எழுத்துகளில், இடைவெளியின்றி அமைந்தவை.

செலவைப் பொறுத்தவரை, விளையாட்டை வாங்கிய பணத்துக்கு மேல் ஒரு காசும் தேவையில்லை. மாட்கள் கிடைக்கும் தண்டர்ஸ்டோர் தளத்தில் பதிவிறக்கக் கணக்குகூட வேண்டியதில்லை. நெக்ஸஸ் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டியிருக்கும். பணம் கேட்கும் மாட்களைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். விளையாட்டை உருவாக்கிய அயர்ன் கேட் நிறுவனமே மாட்களுக்குக் கட்டணம் வாங்கும் போக்கை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

1. உங்களுக்கு இது உண்மையிலேயே தேவைதானா என்று பாருங்கள்

கன்சோலைத் தேடி வருபவர்களில் பலர் விரும்புவது தாதுவைப் போர்ட்டல் (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் தாவ உதவும் வாயில்) வழியாகக் கொண்டுசெல்வது, வளங்கள் கொஞ்சம் தாராளமாகக் கிடைப்பது, வீட்டின்மீது படையெடுப்பு வராமல் இருப்பது ஆகியவற்றைத்தான். 2023 ஆகஸ்டில் வந்த புதுப்பிப்பிலிருந்து இவை விளையாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. உலகத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ‘வேர்ல்டு மாடிஃபையர்ஸ்’ என்ற பொத்தானை அழுத்தினால், போர்ட்டல் கட்டுப்பாட்டை நீக்கலாம், வளங்களின் அளவை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம், படையெடுப்புகளை நிறுத்தலாம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் உலகத்துக்கும் இவற்றை மாற்றிக்கொள்ள முடியும். உங்கள் தேவை இதோடு முடிகிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

2. சேவ் கோப்புகளை, இரண்டு வகையையும், பிரதி எடுங்கள்

எல்லாரும் தாண்டிச் செல்லும் படி இதுதான். நானும் பாதியைத் தாண்டிச் சென்றேன். வால்ஹைம் உங்கள் ஆட்டத்தை இரண்டு தனித்தனி இடங்களில் சேமிக்கிறது. உலகம் என்பது டிபி, எஃப்டபிள்யூஎல் என்று முடியும் இரண்டு கோப்புகள். பாத்திரம் என்பது எஃப்சிஹெச் என்று முடியும் ஒரு கோப்பு. நீங்கள் கட்டிய வீடு, நட்ட பயிர், பெட்டிக்குள் வைத்த பொருள் எல்லாம் உலகக் கோப்பில் இருக்கும். கையிலுள்ள பொருள்களும் திறன்களும் பாத்திரக் கோப்பில் இருக்கும். பலருக்கும் தெரியாத செய்தி என்னவென்றால், வரைபடத்தில் நீங்கள் எந்தெந்தப் பகுதிகளைக் கண்டுவிட்டீர்கள் என்ற கணக்கும் பாத்திரக் கோப்பில்தான் இருக்கிறது.

இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன். உலகக் கோப்பை மட்டும் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஆர்வக் கோளாறில் ‘எக்ஸ்ப்ளோர்மேப்’ என்ற கட்டளையைத் தட்டினேன். சுமார் 10 கிலோமீட்டர் ஆரமுள்ள அந்த உலகத்தின் வரைபடத்தில், காணாத பகுதிகளை மறைத்திருந்த பனிமூட்டம் கண் முன்னே மொத்தமாக விலகியது. ஒரு நிமிடம் வேடிக்கையாக இருந்தது. இனி தேடிப் போக ஒன்றுமில்லை என்பது அடுத்த நிமிடம்தான் உறைத்தது. பதறிப்போய் உலகக் கோப்பைப் பழைய பிரதியால் மாற்றி, விளையாட்டை மறுபடி திறந்தேன். வீடு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது, வரைபடம் திரும்பவில்லை. ‘ரீசெட்மேப்’ என்றொரு கட்டளை இருக்கிறது என்றாலும், அது நீங்கள் உழைத்துக் கண்ட பகுதிகளையும் சேர்த்தே மறைத்துவிடும்.

ஆகவே விளையாட்டை மூடிவிட்டு, விண்டோஸ் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதனுள் லோக்கல்லோ, அதனுள் அயர்ன்கேட், அதனுள் வால்ஹைம் என்று செல்லுங்கள். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை முதலில் இயக்க வேண்டும். உள்ளே வேர்ல்ட்ஸ்_லோக்கல், கேரக்டர்ஸ்_லோக்கல் என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். இரண்டையும் அப்படியே வேறு இடத்துக்குப் பிரதி எடுத்து, நாள் குறித்துப் பெயரிடுங்கள்.

அங்கே உங்கள் உலகம் இல்லையென்றால் பதற வேண்டாம், அது ஸ்டீம் கிளவுடில், அதாவது ஸ்டீமின் இணையச் சேமிப்பில், இருக்கிறது என்று பொருள். விளையாட்டைத் திறந்து, ‘மேனேஜ் சேவ்ஸ்’ என்ற பொத்தானுக்குள் சென்று, உலகத்தையும் பாத்திரத்தையும் தனித்தனியாக உள்ளூர்ச் சேமிப்புக்கு மாற்றிவிட்டு, பிறகு பிரதி எடுங்கள். கிளவுடில் இருக்கும் கோப்பைக் கையால் மாற்ற முயன்றால், ஸ்டீம் தன்னிடமுள்ள பிரதியைக் கொண்டு அதை மறுபடி எழுதிவிட வாய்ப்புண்டு. மாட் போட்டு ஆடும் காலம் முழுவதும் சேவ் கோப்புகள் உள்ளூரிலேயே இருப்பது நல்லது.

3. கன்சோலை இயக்குங்கள்

வால்ஹைமில் கன்சோல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். விளையாட்டின் அமைப்புகளுக்குள் தேடினால் அதற்கான தேர்வு கிடைக்காது. ஸ்டீம் நூலகத்தில் வால்ஹைமின் மீது வலது சொடுக்கிட்டு, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தைத் திறந்து, ‘ஜெனரல்’ பகுதியில் உள்ள ‘லாஞ்ச் ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் ஒரு சிறு இணைப்புக்கோடும், அதை ஒட்டி இடைவெளியின்றிக் கன்சோல் என்ற சொல்லும் தட்டுங்கள். சேமிக்கத் தனிப் பொத்தான் இல்லை. சாளரத்தை மூடினால் போதும்.

என் ஒரு மாலை வீணானது இந்த இடத்தில்தான். நான் அந்தச் சொல்லைத் தட்டாமல், ஒரு பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தேன். அந்தப் பக்கத்தின் எழுத்தமைப்பு, சாதாரண இணைப்புக்கோட்டைத் தானாகவே சற்று நீளமான கோடாக மாற்றி வைத்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் விளையாட்டுக்கு இரண்டும் வேறு. நீளமான கோட்டை அது கண்டுகொள்ளவே இல்லை. பூஜ்ஜியத்துக்கு அடுத்துள்ள விசையால் நீங்களே தட்டுங்கள், ஒட்டாதீர்கள்.

இனி விளையாட்டைத் தொடங்கி, உலகத்துக்குள் நுழைந்த பிறகு எஃப்5 அழுத்துங்கள். மடிக்கணினியாக இருந்தால், மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும்; அப்போது எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையின் மேல்பகுதியில் எழுத்துகள் ஓடும் ஒரு பட்டை தோன்றினால் கன்சோல் திறந்துவிட்டது.

4. ஏமாற்றுக் கட்டளைகளுக்கு அனுமதி பெறுங்கள்

கன்சோல் திறந்ததும் எல்லாக் கட்டளைகளும் வேலை செய்துவிடாது. ‘டெவ்கமாண்ட்ஸ்’ என்று தட்டி என்டர் அழுத்தினால்தான் மற்றவை கேட்கும். விளையாட்டை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகத் தட்ட வேண்டும். பழைய வழிகாட்டிகளில் ‘ஐம்எசீட்டர்’ என்ற சொல்லைத் தட்டச் சொல்லியிருப்பார்கள். அது 2021இல் விளையாட்டு வெளிவந்த தொடக்க நாள்களில் இருந்த சொல், இப்போது பயன்படாது. அந்தச் சொல்லைக் காணும் வழிகாட்டியின் மற்றப் பகுதிகளையும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

‘ஹெல்ப்’ என்று தட்டினால் முழுப் பட்டியலும் சரியான எழுத்துக்கூட்டலோடு வரும். எனக்கு அன்றாடம் பயன்படுபவை சிலவே. ‘காட்’ என்பது அடிபடாமல் காக்கும். ‘கோஸ்ட்’ என்பது எதிரிகளின் கண்ணில் படாமல் மறைக்கும். ‘டீபக்மோட்’ என்பது மூன்று விசைகளுக்கு உயிர் கொடுக்கும்: இசட் அழுத்தினால் பறக்கலாம், பி அழுத்தினால் பொருளின்றிக் கட்டலாம், கே அழுத்தினால் அருகிலுள்ள எதிரிகள் மடிவார்கள். இந்த மூன்று விசைகளும் சாதாரணமாகக் கைபடக்கூடியவை என்பதால், வேலை முடிந்ததும் அதே கட்டளையை மறுபடி தட்டி அணைத்துவிடுங்கள். நடுவானில் பறந்துகொண்டிருக்கும்போது இசட் விசையில் கை பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘ஸ்பான்’ என்பது பொருள்களையும் விலங்குகளையும் வரவழைக்கும். கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுப் பொருளின் பெயர், பிறகு எண்ணிக்கை, விலங்காக இருந்தால் அதன் நிலை என்ற வரிசையில் தட்ட வேண்டும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு: மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘வுட்’ என்பதன் முதல் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். நிலை என்பதும் நட்சத்திரம் என்பதும் ஒன்றல்ல. இரண்டு நட்சத்திரக் காட்டுப்பன்றி வேண்டுமானால் நிலையை 3 என்று கொடுக்க வேண்டும். ‘டிஓடி’ என்று தட்டி இடைவெளி விட்டு 0.5 கொடுத்தால் நண்பகல் ஆகிவிடும், ஆனால் சூரியன் அங்கேயே நின்றுவிடும். அதே கட்டளையுடன் கழித்தல் 1 கொடுத்தால்தான் நேரம் மறுபடி நகரும்.

‘கில்ஆல்’ என்பதில் கவனமாக இருங்கள். அது எதிரி, வளர்ப்பு என்று பார்க்காமல் அருகிலுள்ள உயிர்களைக் கொல்லும். எதிரிகளை மட்டும் ஒழிக்க ‘கில்எனிமீஸ்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. அதேபோல் ‘ரிமூவ்டிராப்ஸ்’ என்பது தரையில் கிடக்கும் பொருள்களை எல்லாம் துடைத்துவிடும். நீங்கள் ஒழுங்குபடுத்துவதற்காகத் தரையில் பரப்பி வைத்தவையும் அதில் அடங்கும்.

இந்தக் கட்டளைகள் நீங்கள் தனியாக ஆடும்போதோ, உங்கள் கணினியிலிருந்தே நண்பர்களுக்கு உலகத்தைத் திறந்துவிடும்போதோதான் வேலை செய்யும். தனிச் சர்வரில் (உலகத்தை நடத்துவதற்கென்றே இயங்கும் வேறொரு கணினியில்) நீங்கள் நிர்வாகியாக இருந்தாலும் ‘காட்’, ‘ஸ்பான்’ போன்றவற்றை மாட் துணையின்றிப் பயன்படுத்த முடியாது.

5. பெப்இன்எக்ஸ் ஏற்றியை நிறுவுங்கள்

வால்ஹைமுக்கு மாட்களை ஏற்றும் வசதி இயல்பாக இல்லை. பெப்இன்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் இடையில் நின்று அந்த வேலையைச் செய்கிறது. இதன் பொதுவான பதிப்பை எடுக்காமல், தண்டர்ஸ்டோரில் வால்ஹைமுக்கென்றே தொகுக்கப்பட்டுள்ள ‘பெப்இன்எக்ஸ்பேக் வால்ஹைம்’ என்பதைப் பதிவிறக்குங்கள். ‘மேனுவல் டவுன்லோட்’ என்பதை அழுத்தினால் ஒரு ஜிப் கோப்பு வரும்.

அதை விரித்ததும் உள்ளே பெப்இன்எக்ஸ்பேக்_வால்ஹைம் என்ற கோப்புறை இருக்கும். நகலெடுக்க வேண்டியது அந்தக் கோப்புறைக்குள் இருப்பவற்றைத்தான். கோப்புறையையே தூக்கிப் போட்டால் எதுவும் நடக்காது, பிழைச் செய்திகூட வராது. என் மூன்று வார இறுதிகளில் முதலாவது இதில் போயிற்று. ஸ்டீமில் வால்ஹைமின் மீது வலது சொடுக்கிட்டு, ‘மேனேஜ்’ என்பதன் கீழ் ‘ப்ரௌஸ் லோக்கல் ஃபைல்ஸ்’ கொடுத்தால் விளையாட்டின் கோப்புறை திறக்கும். வால்ஹைம்.இஎக்ஸ்இ எங்கே இருக்கிறதோ, அதன் பக்கத்திலேயே வின்ஹெச்டிடிபி.டிஎல்எல் என்ற கோப்பும் பெப்இன்எக்ஸ் என்ற கோப்புறையும் வந்து அமர்ந்திருக்க வேண்டும். வேறொரு கோப்புறைக்குள் ஒளிந்திருந்தால் தவறு. லினக்ஸில் கூடுதலாக, தொகுப்பில் வரும் தொடக்க ஸ்கிரிப்ட் வழியாக விளையாட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

எந்த மாட்டும் போடாமல் ஒருமுறை விளையாட்டைத் தொடங்கி, முதன்மைத் திரை வரை சென்று மூடுங்கள். பெப்இன்எக்ஸ் கோப்புறைக்குள் லாக்அவுட்புட்.லாக் என்ற கோப்பு இப்போது புதிதாகப் பிறந்திருந்தால், ஏற்றி வேலை செய்கிறது. பிறக்கவில்லை என்றால் மாட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மேலே சொன்ன இடத்தை மறுபடி பாருங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த டிஎல்எல் கோப்பைத் தனிமைப்படுத்தியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

6. ஒரே ஒரு மாட்டைப் போடுங்கள்

பத்து மாட்களை ஒன்றாகப் போட்டுவிட்டு எது கெடுக்கிறது என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதற்குச் சமம். முதல் மாட்டாகப் புதிய பொருள் எதையும் சேர்க்காத, வசதியை மட்டும் கூட்டும் சிறிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவிறக்கிய ஜிப் கோப்புக்குள் மேனிஃபெஸ்ட்.ஜேசன் என்றொரு சிறு கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து ‘டிபெண்டன்சீஸ்’ என்ற வரியைப் படியுங்கள். அந்த மாட் வேறு எவற்றை நம்பியிருக்கிறது என்பது பதிப்பு எண்ணோடு அங்கே எழுதப்பட்டிருக்கும். பெப்இன்எக்ஸ் எப்போதும் இருக்கும். பெரிய மாட்களாக இருந்தால் யோட்டுன் என்ற நூலகத்தின் (பல மாட்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) பெயரும் பெரும்பாலும் இருக்கும். அதையும் தனியாகப் பதிவிறக்க வேண்டும்.

பிறகு பெப்இன்எக்ஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ப்ளகின்ஸ்’ கோப்புறையில் மாட்டின் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, மாட்டின் நிரல் அடங்கிய டிஎல்எல் கோப்பையும் அதனுடன் வந்த மற்றவற்றையும் அதில் வையுங்கள். ஜிப் கோப்பை விரிக்காமல் அப்படியே வைத்தால் அது படிக்கப்படாது. ஒருமுறை விளையாட்டைத் தொடங்கி மூடினால், அமைப்புகளை மாற்ற வசதியுள்ள மாட்களுக்கு ‘கான்ஃபிக்’ கோப்புறையில் சிஎஃப்ஜி என்று முடியும் ஒரு கோப்பு தோன்றும். அதை நோட்பேடில் திறந்து விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம்.

7. பதிவுக் கோப்பைப் படிக்கப் பழகுங்கள்

ஏதோ சரியில்லை என்றால், ஊகிப்பதற்கு முன் லாக்அவுட்புட்.லாக் கோப்பைத் திறங்கள். ஒழுங்காக ஏறிய ஒவ்வொரு மாட்டுக்கும் ‘லோடிங்’ என்று தொடங்கி, சதுர அடைப்புக்குள் பெயரும் பதிப்பு எண்ணும் கொண்ட ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் டிஎல்எல் தவறான இடத்தில் இருக்கிறது. ‘மிஸ்ஸிங் டிபெண்டன்சீஸ்’ என்று வந்தால், எந்த நூலகம் இல்லை என்பது அதே வரியின் முடிவில் எழுதப்பட்டிருக்கும். ‘மிஸ்ஸிங்மெத்தட்எக்ஸப்ஷன்’ போன்ற நீண்ட சொற்கள் தெரிந்தால், பெரும்பாலும் விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு மாட் பழையதாகவே நிற்கிறது என்று கொள்ளலாம்.

விளையாட்டைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கோப்பு புதிதாக எழுதப்படும். விளையாட்டு முறிந்து விழுந்த உடனே மறுபடி தொடங்கிப் பார்த்தால் காரணம் எழுதியிருந்த பதிவு போய்விடும். ஆகவே முதலில் அதை வேறு பெயரில் சேமியுங்கள்.

8. மாட்கள் ஐந்தைத் தாண்டினால் மேலாளர் மென்பொருளுக்கு மாறுங்கள்

கையால் நிறுவுவதை ஒருமுறை செய்து பார்ப்பது எது எங்கே இருக்கிறது என்பதை விளங்கவைக்கும் என்பதால்தான் இவ்வளவு சொன்னேன். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆர்2மாட்மேன் என்ற இலவச மேலாளரே வசதி. அதில் வால்ஹைமைத் தேர்ந்தெடுத்து, ஒரு புரொஃபைல் (மாட்களின் தனித் தொகுப்பு) உருவாக்கி, ‘ஆன்லைன்’ பகுதியில் மாட்டைத் தேடி இறக்கினால், அது நம்பியிருக்கும் நூலகங்களும் சேர்ந்தே வந்துவிடும்.

இதற்கு மாறும்போது, முன்பு கையால் போட்ட பெப்இன்எக்ஸ் கோப்புறையையும் வின்ஹெச்டிடிபி.டிஎல்எல் கோப்பையும் விளையாட்டின் கோப்புறையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு முறைகளையும் கலப்பது தலைவலிக்கு வழி. மேலும், மாட்களுடன் ஆட ‘ஸ்டார்ட் மாடட்’ பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். பழக்கதோஷத்தில் ஸ்டீமிலிருந்து நேராகத் தொடங்கினால் மாட் இல்லாத விளையாட்டே திறக்கும். மேலாளர் வழியாகத் தொடங்கும்போது கன்சோல் வரவில்லையென்றால், அதன் அமைப்புகளில், விளையாட்டைத் தொடங்கும்போது சேர்க்க வேண்டிய சொற்களுக்காக உள்ள பெட்டியிலும் மூன்றாம் படியில் சொன்ன சொல்லைத் தட்டுங்கள்.

நண்பர்களுடன் சேர்ந்து ஆடுவதாக இருந்தால், புதிய பொருள்களைச் சேர்க்கும் மாட்கள் அனைவரிடமும் சர்வரிலும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். புரொஃபைலை ஒரு குறியீடாக ஏற்றுமதி செய்து அனுப்பினால், அவர்கள் அதை இறக்குமதி செய்து அதே மாட்களைப் பெறலாம்.

9. புதுப்பிப்பு வரும் நாளிலும், மாட்களை நீக்கும்போதும்

விளையாட்டுக்குப் புதுப்பிப்பு வந்த அன்றே உங்கள் பழைய உலகத்தை மாட்களுடன் திறக்காதீர்கள். மாட் எழுதியவர்கள் தங்கள் பகுதியைச் சரிசெய்யச் சில நாள்கள் ஆகலாம். மாட்டின் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் தனியாக ஒரு சோதனை உலகத்தையும் சோதனைப் பாத்திரத்தையும் உருவாக்கிப் பார்க்கலாம்.

கையால் நிறுவியவர்கள் தற்காலிகமாக மாட் இன்றி ஆட எதையும் அழிக்க வேண்டியதில்லை. வின்ஹெச்டிடிபி.டிஎல்எல் கோப்பின் பெயரை மாற்றி வைத்தாலே ஏற்றி தூங்கிவிடும். பெயரைத் திருப்பினால் எழுந்துவிடும். ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி மாட்களை நீக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது விளையாட்டின் சொந்தக் கோப்புகளை மட்டுமே சரிபார்க்கும். நீங்கள் கூடுதலாகப் போட்டவை அங்கேயே கிடக்கும்.

மாட் இன்றி எந்த உலகத்தைத் திறக்கிறீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். புதிய ஆயுதம், புதிய கட்டடப் பகுதி போன்றவற்றைச் சேர்த்த மாட்டை எடுத்துவிட்டு அதே உலகத்தைத் திறந்தால், விளையாட்டுக்கு அந்தப் பொருள்கள் என்னவென்றே தெரியாது. பெட்டியிலும் பையிலும் இருந்தவையும், வீட்டில் பதித்தவையும் காணாமல் போகும், சேமித்த பிறகு மாட்டைத் திரும்பப் போட்டாலும் அவை திரும்பாது. ஆகவே நீக்குவதற்கு முன் அந்தப் பொருள்களைக் கரைத்துவிடுங்கள், இரண்டாம் படியில் சொன்ன இரண்டு கோப்புறைகளையும் புதிதாக ஒருமுறை பிரதி எடுங்கள், அதன் பிறகு பெப்இன்எக்ஸ் கோப்புறையில் கை வையுங்கள்.